மனுவேல் டி., 212 மேற்கோள்கள்

காப்பிக்கொட்டை காயப்போட்டிருந்த களத்தின் கிழக்கு மூலையில் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும். அங்கே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, டாக்டர் தேவகுமாரி ஆய்வுக் கட்டுரைகளைப் பட்டியலிடும் இணையதளம் ஒன்றில் தன் பெயரைத் தானே தேடிக்கொண்டிருந்தாள். சேலத்தில் அவள் வேலை பார்க்கும் மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பிக்க அன்று மாலை ஐந்து மணியோடு சரி. மணி நாலே கால். அப்பாவின் முப்பதாம் நாள் பூசைக்காகச் சொந்த ஊரான செம்மநத்தத்துக்கு வந்தவளை, அலுவலகத்து ராஜ்குமார் காலையிலிருந்து நாலு தடவை போனில் கூப்பிட்டுவிட்டான்.

“மேடம், உங்களுக்கு ஏழுதானுங்க காட்டுது. பத்து இல்லைன்னா ஃபைலையே எடுத்துக்க மாட்டாங்க. இந்தத் தடவ உட்டா அடுத்தது நாலு வருசம் ஆகுமுங்க.”

ஏழு என்பது அவளுடைய ஹெச்-இண்டெக்ஸ். பத்து என்றால், குறைந்தது பத்துக் கட்டுரைகளை, ஒவ்வொன்றையும் பத்துத் தடவையாவது, மற்ற ஆய்வாளர்கள் தங்கள் கட்டுரைகளில் மேற்கோள் காட்டியிருக்க வேண்டும். பதினாறு வருடம் ரத்தசோகையோடு மல்லுக்கட்டியவளை ஒற்றை இலக்கத்தில் முடித்துவிட்டார்கள். கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஒரு மாதமாக எதுவுமே வரவில்லை. அப்பாவைக் குழியில் இறக்கியபோதும் கண் காய்ந்துதான் கிடந்தது. டாக்டரம்மாவுக்கு மனசு திடம் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். திடமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. மரத்துப் போயிருந்தது, அவ்வளவுதான்.

காணாமல் போன கட்டுரைகள் ஒருவழியாக அகப்பட்டன. நாலு கட்டுரைகள், வேறொரு ஆளின் பக்கத்தில் பத்திரமாக இருந்தன. ஆளின் பெயர் மனுவேல் டி.

அவள் செய்து வைத்த கூத்துதான். முதல் கட்டுரையை அனுப்பிய காலத்தில், குடும்பப் பெயரைப் போடாமல் ஆய்விதழின் படிவம் நகர மாட்டேன் என்றது. நம் பக்கத்தில் ஏது குடும்பப் பெயர்? இனிஷியல்தான். எம். தேவகுமாரியின் எம்-மை விரித்து, அப்பாவின் பெயரை, மனுவேல் என்று போட்டாள். எங்கோ இருந்த கம்ப்யூட்டர் அப்பாவை முழுசாக வைத்துக்கொண்டு மகளை ஒற்றை எழுத்தாகச் சுருக்கிவிட்டது. நாலு கட்டுரைக்குப் பிறகுதான் விவரம் தெரிந்து பெயரை மாற்றிப் போடக் கற்றாள். ஏழாம் வகுப்போடு நின்று, முப்பத்தெட்டு வருடம் எஸ்டேட்டில் ஏணி சாத்தி மிளகு பறித்த மனுவேலை இதுவரை 212 தடவை மேற்கோள் காட்டியிருந்தார்கள். பிரேசிலில் ஒருவர் போன வாரம்கூடக் காட்டியிருந்தார்.

அதில் 168 முதல் கட்டுரைக்கு வந்தவை. எஸ்டேட் பெண்களின் ரத்தசோகை பற்றியது. கிளியூர்ப் பக்கத்தில் எஸ்டேட் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீடுகளில் 318 பெண்களிடம் ரத்தம் எடுக்க வேண்டியிருந்தது. ஊசியைக் கண்டதும் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அப்பாதான் லீவு போட்டுவிட்டு முன்னால் நடந்தார். “ஏனுங்க, எம்புள்ள குத்துனா எறும்பு கடிச்ச மாதிரிதானுங்க இருக்கும், பாருங்க,” என்று ஒவ்வொரு லைனிலும் முதலில் தன் கையை நீட்டினார். பதினோரு லைன், பதினோரு குத்து. “ரெண்டு நிமிசம் பஞ்ச அழுத்திப் புடிச்சுக்கோணும்,” என்று மகள் சொன்னதையே கம்பவுண்டர் தோரணையில் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு போனார்.

கட்டுரையின் கடைசியில் அவருக்கு ஒரு வரி நன்றி எழுதியிருந்தாள். அப்போதைய வழிகாட்டிப் பேராசிரியர் அதை அடித்துவிட்டு, “அப்பா பேரெல்லாம் கல்யாணப் பத்திரிகையில போட்டுக்கம்மா,” என்று சிரித்தார். அவளும் சேர்ந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது கூசியது.

இரண்டு பெயர்களையும் ஒன்றாக்க அந்தத் தளத்திலேயே வழி இருந்தது. இருக்க வேண்டிய பெயர், நீக்க வேண்டிய பெயர் என்று இரண்டு கட்டங்கள். நிரப்பினாள். கீழே ஓர் உறுதிமொழி: ‘நீக்கப்படும் பெயரில் தனியாக ஓர் ஆய்வாளர் இல்லை என்று உறுதி கூறுகிறேன்.’ பக்கத்தில் டிக் அடிக்க ஒரு சின்னக் கட்டம். நாலே முக்கால் ஆகிவிட்டது.

அம்மா சாரா கொட்டையைப் பலகையால் தள்ளிக்கொண்டே மூலைக்கு வந்தாள். “என்ன கண்ணு, வெச்ச கண்ணு வாங்காம பாத்துட்டிருக்கற?”

“நான் எழுதுனது கொஞ்சம் அப்பா பேர்ல கிடக்குதும்மா. அப்பா பேரை எடுத்தாத்தான் என் கணக்குல வரும்.”

அம்மா ஆச்சரியப்படவில்லை. ஒரு மாதமாக அவள் பஸ் ஏறி இறங்கிச் செய்த வேலையே அதுதான். ரேஷன் கார்டு, காஸ் புத்தகம், ஓட்டு லிஸ்ட்.

“எடுத்துரு சாமி. ஆளில்லாத பேரை உட்டு வெச்சா பின்னால நொம்பத் தொந்தரவுன்னு தாலுக்கா ஆபீஸ்ல சொன்னாங்க.” பலகையை ஊன்றி நின்றாள். “போட்டோ கேக்கறாங்களா? ஊட்டுக்குள்ள ரெண்டு மிச்சம் இருக்குது. எடுத்தாரட்டுமா?”

“வேண்டாம்மா. கேக்கல.”

தேவகுமாரி டிக் அடித்து, பொத்தானை அழுத்தினாள். சக்கரம் கொஞ்ச நேரம் சுற்றியது. ஏழு இருந்த இடத்தில் பதினொன்று வந்தது. அனுப்ப வேண்டியதை அனுப்பினாள். போன் அடித்தது.

“வந்துருச்சுங்க மேடம்! பதினொண்ணு! இனி ஒருத்தரும் தடுக்க முடியாதுங்க!”

“சரிங்க ராஜ்குமார்,” என்று வைத்துவிட்டாள். பிறகு, எதற்கென்று தெரியாமல், மனுவேல் டி. என்று அடித்துத் தேடினாள். அந்தப் பெயரில் யாரும் இல்லை என்று வந்தது.

“எடுத்தாச்சா?” என்றாள் அம்மா, தலையை நிமிர்த்தாமல்.

“ஆச்சும்மா.”

பலகை கொட்டையைத் தள்ளிக்கொண்டு களத்தின் அந்தக் கோடிக்குப் போயிற்று. தேவகுமாரி லேப்டாப்பை மூடினாள். இடது கை தானாக மடங்கியிருந்தது. முழங்கை மடிப்பில், ரத்தம் எடுக்கிற இடத்தில், வலது கட்டைவிரல் அழுந்திக் கிடந்தது. அப்பா சொன்ன இரண்டு நிமிடம் எப்போதோ ஆகிவிட்டது. அவள் விரலை எடுக்கவில்லை.