சத்தமில்லாமல்

சைலன்சர் என்று பெயர் வைத்தவன் எங்கள் பட்டறைக்கு ஒரு நாள் வந்து பார்க்க வேண்டும். ஸ்போர்ட்ஸ் கார்க்காரர்களில் பத்துக்கு ஒன்பது பேர் அதைக் கழற்றி எறிந்துவிட்டு, தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒன்று வேண்டும் என்பார்கள். பதினெட்டு வருஷமாக நானும் வெல்டிங் வைத்துக் கொடுக்கிறேன். இடது காது பாதி போய்விட்டது. அதனால் ஃபோன் எடுப்பதும் வேலைச் சீட்டு எழுதுவதும் என் தங்கை.

ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கும் ஒரு பல் டாக்டர் ஃபோனில் பேசிய அன்றும் அவள்தான் எடுத்தாள். அவர் மனைவி நர்ஸாம். ராத்திரி டியூட்டி, பகலில்தான் தூக்கம். இன்னொரு தடவை இந்தக் கார் தன்னை எழுப்பினால் அக்கா வீட்டுக்குப் போய்விடுவேன் என்று சொல்லிவிட்டாராம். வெறும் பேச்சில்லை, பெட்டியைப் பரணிலிருந்து இறக்கியாயிற்று. அதனால் சைலன்சரை முழுசாக மாற்ற வேண்டும், சத்தமில்லாமல் செய்துகொடுங்கள் என்றாராம். தங்கை அப்படியே எழுதினாள்: 'முழு மாற்றம். சத்தமில்லாமல்.' கீழே இரண்டு கோடு.

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். என்ஜினிலிருந்து பின்பக்கம் வரை துருப்பிடிக்காத ஸ்டீல் குழாய், எங்கும் முரட்டு வளைவு கிடையாது. சத்தத்தை விழுங்க ஒரு டப்பாவுக்கு இரண்டு டப்பா, உள்ளே கண்ணாடி நார் அடைத்து. வண்டியின் இழுவை துளி குறையவில்லை. மூன்று நாள் ஆயிற்று. அதைவிட நல்ல வேலை நான் செய்ததில்லை.

டாக்டர் வந்து சாவியைத் திருப்பினார். என்ஜின் பிடிக்கவில்லை என்று நினைத்து மறுபடியும் திருப்பினார். பிறகு இறங்கி வந்தார்.

"என்னங்க இது, தையல் மெஷின் மாதிரி இருக்கு?"

சீட்டைக் காட்டினேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். அவருக்கு வேண்டியது இடி மாதிரி ஒரு சத்தம். வண்டியை நண்பர் வீட்டு ஷெட்டில் வைத்துக்கொள்வதாகத் திட்டம்.

"சத்தமில்லாமன்னா, அவளுக்குத் தெரியாமன்னு அர்த்தம்ங்க."

தங்கை மசியவில்லை. சொன்னதைத்தான் எழுதினேன் என்றாள். எனக்கு வயிறு எரிந்தது. தப்பு எங்கள் பக்கம் என்பதற்காக அல்ல, தையல் மெஷின் என்றாரே, அதற்காக. கடைசியில், வியாழக்கிழமைக்குள் அவர் கேட்ட குழாயைச் செய்து மாற்றித் தருவதாக முடிவாயிற்று. அதுவரை இப்படியே ஓட்டுகிறேன் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனார்.

வியாழக்கிழமை குழாய் தயாராக மேஜைமேல் கிடந்தது. வாய் அகலமான இரட்டைக் குழாய். கார் வாசலில் வந்து நின்றது எனக்குத் தெரியவே இல்லை. நிமிர்ந்தால், டாக்டருக்குப் பக்கத்து இருக்கையிலிருந்து ஓர் அம்மா இறங்கினார். கண்ணுக்குக் கீழே கருவளையம். டாக்டரின் முகத்தில் ஈயாடவில்லை.

பட்டறைக்குப் போகிறேன் என்று அவர் வாய்தவறிச் சொல்ல, நன்றி சொல்ல வேண்டும் என்று இவரும் ஏறிக்கொண்டாராம்.

"நாலு நாளா நல்லாத் தூங்குறேன். பெட்டியைத் திரும்பப் பரண்ல ஏத்திட்டேன்," என்றார். "பாருங்க, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. சத்தமில்லாம பண்ணிருக்காரு."

தங்கை வாயைத் திறந்தாள். நான் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டாள். டாக்டர் தரையில் எதையோ தேடுவதுபோல் நின்றார். எனக்கு அவர்மேல் முதல்முறையாகப் பாவமாக இருந்தது.

அந்த அம்மாவின் கண் மேஜைக்குப் போயிற்று. இவ்வளவு பெரிய குழாய் யாருக்கு என்று கேட்டார். நான் பழந்துணியை எடுத்து அதைத் துடைக்க ஆரம்பித்தேன்.

டாக்டர்தான் பதில் சொன்னார்.

"யாரோ ஒரு கிறுக்கனுக்கா இருக்கும். வா, போலாம்."

அவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார். என் நல்ல காதை அந்தப் பக்கம் திருப்பினேன். சரளைக் கல்லில் டயர் உருண்டதுதான் கேட்டது.