தொட்டுத்தான் கூப்பிடணும்

யாரோ தோளைத் தட்டியதும் ரேகா நாற்காலியோடு அதிர்ந்துபோனாள். பியூன்தான். உள்ளே கூப்பிடுகிறார்கள் என்று கையைக் காட்டியவன், அவள் பதறியதைப் பார்த்து ஒரு எட்டு பின்னால் போனான். அவள் துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தாள். எதிர் பெஞ்சில் பிரபாகர் உட்கார்ந்திருந்தான். அவன் பக்கத்தில் ரேகாவின் நைனா தாமோதரன். சத்தியவேட்டிலிருந்து திருப்பதிவரை மகளோடு ஒரே சீட்டில் வந்த மனிதர், ஆபீஸுக்குள் நுழைந்ததும் அந்தப் பெஞ்சுக்குப் போய்விட்டார்.

பிரபாகர் அவர்கள் காலனிக்காரன். தடாவுக்குப் பக்கத்தில் செல்போன் சார்ஜர் செய்யும் கம்பெனியில் லைன் லீடர். ஒன்பது வயதில் வந்த காய்ச்சலில் காது போனவளுக்கு அங்கே வேலை வாங்கிக் கொடுத்தவனும் அவன்தான். லைனில் அவளைத் தொட்டுத்தான் கூப்பிட வேண்டும். எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவன் முதலில் தோளைத் தொட்டான். பிறகு முதுகை. பிறகு இடுப்பை. அவன் எப்போது பின்னால் வந்து நிற்பான் என்று அவளுக்குத் தெரியாது. காலடிச் சத்தம் மற்றவர்களுக்குத்தான். ஒயரைச் செருகிக்கொண்டிருக்கும்போதே அவள் முதுகுத் தோல் அவனுக்காகப் பயந்து காத்துக்கொண்டிருக்கும். பொறுக்கமுடியாமல் ஒருநாள் கம்பெனி ஆபீஸில் போய் நின்று சொல்லிவிட்டாள். தன் குரல் எவ்வளவு சத்தம் என்று அவளுக்குத் தெரியாது. அந்த மாடி முழுக்கக் கேட்டிருந்தது. அந்தப் புகார்தான் இப்போது திருப்பதியில் விசாரணைக்கு வந்திருந்தது.

“அவன் ஒருத்தன்தான் நம்ம ஆளுங்கள்ல மேல போய்க்கினு கீறான். அவனையும் நாமளே கீழ தள்ளிட்டா, நாளைக்கு நம்ம பசங்களுக்கு எவன்மா வேல தருவான்? வாபஸ் வாங்கிக்க,” என்று பஸ்ஸில் நைனா சொன்னார். அவளுக்குப் புரியவேண்டும் என்று வாயை நன்றாகத் திறந்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். அவர் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. கம்பெனி ஹாஸ்டலில் கூடத் தங்கியிருந்த பெண்களோ, “உங்க ஆளுங்களுக்குள்ள பேசித் தீத்துக்கங்க,” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

அறைக்குள் விசாரணைக் குழுவின் தலைவி ஷோபா மேடமும் இன்னும் இரண்டு பேரும் இருந்தார்கள். மேடம் கனிவாகத்தான் பேசினார். ஆனால் தெலுங்கு. ரேகாவால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ள முடிந்தது தமிழை மட்டும்தான். கைமொழி தெரிந்த ஓர் அம்மாவை அழைத்து வைத்திருந்தார்கள். அவர் விரல்கள் அழகாக ஆடின. ரேகா அதைக் கற்றதே இல்லை. காது போனதும் பள்ளிக்கூடமும் போய்விட்டது. போனில் தமிழில் எழுதச் சொன்னார்கள். அவள் தப்பும் தவறுமாக எழுதியதைப் போன் தெலுங்கில் என்னவோ ஆக்கிக் காட்ட, குழுவில் இருந்த ஆண் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

அப்போது கதவு திறந்தது. பிரபாகர் பணிவாகத் தலையை நீட்டி மேடத்திடம் ஏதோ சொன்னான். அவளைக் காட்டினான், தன் நெஞ்சைத் தொட்டான், தன் வாயைக் காட்டினான். ரேகாவுக்குப் புரிந்துவிட்டது. அவள் பேச்சை அவன் தெலுங்கில் சொல்லப்போகிறானாம்!

“வேணாம்!”

அத்தனை பேரும் திடுக்கிட்டார்கள். மேடம் அவனை வெளியே அனுப்பிவிட்டு நைனாவைக் காட்டினார். ரேகா அதற்கும் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். பிறகு அறையின் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால், சாட்சி சொல்ல வந்து நின்றிருந்த பிரமிளாவைக் காட்டினாள்.

பிரமிளா நகரியில் தறி ஓட்டும் வீட்டுப் பெண். லைனில் அடுத்த மேஜை, ஹாஸ்டலில் ஒரே அறை. ரேகா எந்தக் காலனி என்று தெரிந்த அன்றைக்கே தன் டம்ளரை ஜன்னல் மேல்தட்டுக்கு மாற்றிவிட்டவள். ஆனால் ரேகாவிடம் எது சொன்னாலும் வெளிச்சத்துக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு சொல்பவள் அந்த ஹாஸ்டலில் அவள் ஒருத்திதான். இரண்டும் ஒரே ஆள்தான் என்பது ரேகாவுக்கு என்றுமே விளங்கியதில்லை.

பிரமிளா வந்து உட்கார்ந்தாள். பிரபாகர் அவளுக்கும் லீடர்தான். வியர்த்திருந்தது.

“இன்னா நடந்துச்சோ சொல்லு. தெலுங்குல நான் சொல்றேன்.”

ரேகா சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள். “கூப்பிடறதுக்குத் தொட்டா எனக்குத் தெரியும்க்கா. சும்மா தொட்டாலும் தெரியும். காதுதான் கேக்காது.”

பிரமிளா மேடத்தின் பக்கம் திரும்பிப் பேச ஆரம்பித்தாள். பேசப்பேச அவள் வாய் ரேகாவுக்கு அந்நியமாகிக்கொண்டே போனது. சொல்கிறாளா? பாதியை விழுங்குகிறாளா? ஏதோ புரியாமல் பேசுகிறாள், விட்டுவிடுங்கள் என்கிறாளா? மேடத்தின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ரேகா நாற்காலியை நகர்த்தி, பிரமிளாவின் உதடுகள் முழுதாகத் தெரியும்படி உட்கார்ந்தாள். எந்தப் பாஷையானாலும் பெயர் ஒன்றுதானே. அது வருமா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

வந்தது. உதடுகள் ஒட்டிப் பிரிந்தன, மறுபடி ஒட்டின, வாய் அகலத் திறந்தது. பிரபாகர். மேடம் எழுதிக்கொண்டார். ரேகாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

ஆனால் பிரமிளா நிறுத்தவில்லை. இன்னும் ஏதோ சொன்னாள், மெதுவாக, மேஜை விளிம்பைப் பார்த்துக்கொண்டு. உதடுகள் மறுபடி ஒட்டிப் பிரிந்தன, ஒட்டின. இந்தமுறை வாய் திறக்கவில்லை, பக்கவாட்டில் இழுபட்டது. பகரமும் மகரமும் உதட்டில் ஒன்றுபோலத்தான் இருக்கும். பிரபா இல்லை. பிரமி... தன் பெயரையா சொல்கிறாள்?

மேடத்தின் பேனா நின்றது. பிரமிளாவின் வாய் மூடியிருந்தது. அவள் கை மட்டும் தன் இடுப்பைத் தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தது.