தபால் கந்தோரில் வளர்ந்த பிள்ளை

கல்முனைக்கு வந்த புதிதில் முனவ்வறாவுக்குப் பிடிபடாத சங்கதிகளில் முதலாவது, இந்த ஊரில் பெண்களே குடையை விரித்துக்கொண்டு போய்க் காசு கட்டிவிட்டு வருவதுதான். அவளுடைய ஊர் காயல்பட்டணம். அங்கே பெண்கள் நடமாடுவதற்கென்றே வீடுகளுக்குப் பின்னால் முடுக்குகள் உண்டு. பெரிய தெரு எப்படி இருக்கும் என்பதை அவள் ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்ததோடு சரி. சிலோனில் கடை வைத்திருந்த மாப்பிள்ளை அபுல் ஹஸன் அனுப்பும் மணியார்டர் மாதா மாதம் வாசலுக்கே வரும். கதவுக்குப் பின்னால் நின்று கையை மட்டும் நீட்டி ஒரு கையெழுத்து. பணத்துக்கும் அவளுக்கும் உள்ள உறவு அத்தோடு முடிந்தது. வரியும் வாடகையும் ஆண்கள் பாடு.

இங்கே கதை வேறு. இந்தக் கரையில் வீடு என்றால் அது பெண்ணுடையது. மாப்பிள்ளை என்பவர் வந்து ஏறிக்கொள்கிற ஆள். அவர்கள் வாடகைக்கு இருந்த வீட்டுக்கும் சொந்தக்காரி ஜுனைதாதான். பக்கத்து வீட்டில் இருந்தாள். வீட்டுக்குக் கட்டவேண்டிய சோலைவரிக் கடதாசி அவள் பேருக்கே வரும். அவளே போய்ப் பட்டின சபையில் கட்டிவிட்டு, அங்கிருந்த கிளாக்கருக்கு நாலு வார்த்தை புத்தியும் சொல்லிவிட்டு வருவாள்.

"வீடு என்ட பேருல. அப்ப சல்லி கட்டுறதும் நான்தானே, புள்ள?" என்று முனவ்வறாவிடம் கேட்டாள்.  

வந்து ஒரு மாதம் ஆகியிருக்கும். அபுல் ஹஸன் கொழும்புக்குச் சரக்கெடுக்கப் புறப்பட்டவன், போகிற போக்கில் பாயின் மேல் சில கடதாசிகளையும் கொஞ்சம் பணத்தையும் வைத்தான். ஜுனைதாவுக்கு வாடகை. றேடியோ லைசன்ஸ். ஊரிலிருந்த அவளுடைய உம்மாவுக்கு மணியார்டர். எல்லாவற்றுக்கும் அடியில் மெல்லிசாக ஒரு சேமிப்புப் புத்தகம்.

"தபால் கந்தோர்ல கட்டிரு. ஜுனைதா ராத்தா கூட வருவாங்க. இதுலயும் அஞ்சு ரூபா போட்டுரு."

"இது யாருது?"

"மக்கியோடது" என்று சொல்லிவிட்டு அவன் செருப்பைத் தேடப் போய்விட்டான். செருப்பு அவன் காலில்தான் இருந்தது.

மக்கி அவர்களுடைய ஒரே பிள்ளை. அவன் காயலில் தவழ்ந்துகொண்டிருந்த காலத்திலேயே வாப்பாக்காரன் கல்முனையில் அவன் பேருக்கு இந்தப் புத்தகத்தைத் திறந்திருந்தான். தாயையும் பிள்ளையையும் கூட்டிவந்து இங்கேயே குடித்தனம் நடத்துவதாகத் திட்டம். ஐம்பத்து மூன்றாம் ஆண்டு கூட்டிப்போகவும் வந்தான். பெட்டி கட்டி, டிக்கட்டும் எடுத்தாயிற்று. அந்த வாரம் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டது. டாக்டர் மருந்தை மாற்றிக்கொண்டிருக்கும்போதே அவன் போய்விட்டான். மூன்று வயது. காயல் மண்ணில் அடக்கிவிட்டு, நாற்பது கழிந்ததும், எடுத்த முடிவை மாற்றத் தெம்பில்லாமல் இரண்டு பேரும் கப்பலேறினார்கள்.

கல்முனையில் யாருக்கும் தெரியாது. அபுல் ஹஸன் சொல்லவில்லை. பிள்ளை எங்கே என்று கேட்டவர்கள், அவன் வேறு பக்கம் பார்ப்பதைக் கண்டு, ஓத வைப்பதற்காக ஊரிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள் என்று தாங்களாகவே முடிவுகட்டிக்கொண்டார்கள். முனவ்வறா அழவும் இல்லை. மய்யித்தை எடுத்த அன்றும் அவள் அழவில்லை. சோறு ஆக்கினாள், துணி துவைத்தாள், தொழுதாள். உடம்பெல்லாம் மரத்துப்போயிருந்தது. யாராவது கிள்ளினால்கூட, கிள்ளுகிறார்கள் என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்வாள் போலிருந்தது.

தபால் கந்தோரில் ஆண்கள் முண்டியடித்து நின்றார்கள். ஜுனைதா அவளைப் பக்கவாட்டு யன்னலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். உள்ளே இருந்தவர் நல்லரெத்தினம், நெற்றியில் திருநீறும் காதில் பேனையுமாக. கந்தோர் விதியில் அந்த யன்னல் கிடையாது. பெண்கள் கூட்டத்தில் நசியவேண்டாம் என்று அவராக ஏற்படுத்திக்கொண்டது. முனவ்வறா கட்டிவிட்டு மிச்சத்தை எண்ணினாள். எட்டணா வரவேண்டும், வேறு என்னவோ வந்திருந்தது. மறுபடி எண்ணினாள்.

"இஞ்ச அணா இல்ல, தங்கச்சி. சதம். அம்பது சதம் எண்டா அரை ரூவா. சரியாத்தான் தந்திரிக்கன்" என்றார் அவர்.

பிறகு லைசன்சுக்காக வரிசையாகக் கேள்விகள். புருஷன் பேர் என்ன, எந்தத் தெரு, றேடியோ என்ன மார்க்கு, பெட்டரியில் வேலை செய்கிறதா. அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். கடைசியில் சேமிப்புப் புத்தகத்தைத் திறந்தவர் முகம் மலர்ந்து, அதே மூச்சில் கேட்டார்.

"மக்கி! இந்தப் புத்தகம் நான் எழுதிக் குடுத்ததல்லவா? மகன் சுகமா?"

அதுவும் இந்த நாட்டுக் கந்தோரில் கேட்கிற கேள்விகளில் ஒன்று என்றுதான் அவள் நினைத்தாள். பதில் சொன்னால்தான் முத்திரை குத்துவார்கள் போலும். "சுகம்" என்றாள். அவர் முத்திரை குத்தினார். தான் என்ன சொன்னோம் என்பது வீட்டுக்கு வந்து சோறு வடிக்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது. உறைத்ததே தவிர நெஞ்சுக்குள் எதுவும் நடக்கவில்லை.

அடுத்த மாதமும் அவர் கேட்டார். அடுத்த மாதமும் சுகம்தான். ஒரு பொய்யைக் காப்பாற்ற ஒன்பது பொய் வேண்டும் என்பார்கள். நல்லரெத்தினமோ நான்கு பெண்பிள்ளைகளைப் பெற்றவர், ஆண்பிள்ளை என்றால் உயிர். "நல்லாக் கதைக்கிறாரா?" என்பார். "பேசுறான்." "ஓதப் போறாரா?" "அலிஃபு பே முடிச்சுட்டான்." "குழப்படியா?" "கொஞ்சம் சேட்டை." இப்படியே மக்கி அந்த யன்னலில் வளர்ந்தான். சட்டைகள் சின்னதாகிப்போயின. கணக்கு வந்தது, சித்திரம் வரவில்லை.

சந்தோஷமா என்று கேட்டால் இல்லை. குற்ற உணர்ச்சியும் இல்லை. ஆனால் மாதம் பிறப்பதற்கு முதல் நாள் அரிசி களைந்துகொண்டே, இந்த மாதம் பிள்ளை என்ன செய்திருப்பான் என்று முடிவுசெய்வாள். உலகத்தில் அவனைப் பற்றி யாராவது கேட்கிற இடம் அது ஒன்றுதான். வீட்டில் அந்தப் பேரைப் புருஷனும் எடுப்பதில்லை, அவளும் எடுப்பதில்லை. கடதாசிகளுக்கு அடியில் புத்தகம் மட்டும் மாதா மாதம் வந்துவிடும். வருஷக் கடைசியில் அதில் வட்டி விழும். வட்டி ஹறாம் என்று கடைக்காரர்களுக்கெல்லாம் சொல்லுகிற அபுல் ஹஸன், அந்த வட்டியை என்ன செய்வது என்று ஒருநாளும் வாய் திறக்கவில்லை.

இதற்குள் முனவ்வறா ஊரோடு ஒத்துப்போயிருந்தாள். சதம் பழகிவிட்டது. தனியே குடை பிடித்துப் போனாள். ஆமாம் போய் ஓம் வந்தது. மற்றப் பெண்களுக்கும் மணியார்டர் எழுதிக் கொடுக்கிற அளவுக்குத் தேறியிருந்தாள். நாலு வருஷம் இப்படிக் கழிந்தது.

ஐம்பத்து ஏழாம் ஆண்டு ஒரு மாதம் நல்லரெத்தினம் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"தங்கச்சி, மகனுக்கு ஏழு வயசாகிற்று. இனி நீங்க கையெழுத்து வெக்கேலாது. அவர்தான் வந்து ஒப்பம் வெக்கோணும். அதுதான் சட்டம்."

"யாரு?"

"மக்கிதான், வேற ஆரு? ஊருக்கு எழுதிக் கூப்பிடுங்க. சுன்னத்து வெக்கிற வயசும்தானே? உங்கட ஆக்கள் அதையும் கலியாணம் மாதிரித்தானே செய்யிற. எங்கட வீட்டுக்கும் சாப்பாடு வரோணும், சொல்லிற்றன்."

"ஓம், கூப்பிடுறம்" என்றாள் முனவ்வறா. வேறு என்ன சொல்வது? பின்னால் ஒருத்தி மணியார்டருடன் நின்றுகொண்டிருந்தாள்.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து அபுல் ஹஸன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, ஜுனைதா பின்வாசலால் சிரிப்பும் பொதியுமாக வந்துவிட்டாள்.

"கள்ளி! மகன் வாறான் எண்டு எனக்கிட்டயே சொல்லல்லியே? தபால் கந்தோர் ஐயாட பொஞ்சாதிக்குத் தெரியும், எனக்குத் தெரியாது!" பொதியை அவிழ்த்தாள். மருதமுனைத் தறியில் சொல்லி நெய்வித்த சாறன், காயலில் கைலி என்பது. முழங்கையளவு நீளம்தான் இருக்கும், நீலத்தில் வெள்ளைக் கோடு. "மெல்லிய நூல் போடச் சொன்னன். சுன்னத்து வெச்ச புள்ளைக்குத் தடிச்ச துணி உரசும், பாவம்."

முனவ்வறா தண்ணீர்ச் செம்போடு நின்றாள். இனித் தப்ப வழியில்லை, புருஷனுக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்தாள். அபுல் ஹஸன் கையைக் கழுவினான். ஈரத்தைத் துடைத்துவிட்டு அந்தச் சாறனை வாங்கி மடியில் வைத்துக்கொண்டான்.

"பெருநாளைக்குப் பொறவு வந்துருவான் ராத்தா. ஊர்ல பெரியவங்க விட மாட்டேங்குறாங்க, செல்லம்" என்றான்.

தட்டில்லாமல் தடங்கலில்லாமல் வந்தது. அப்படி வரவேண்டுமென்றால் பலமுறை சொல்லிப் பழகியிருக்க வேண்டும். அவளுக்கா தெரியாது?

ஜுனைதா போகும்வரை பொறுத்திருந்து கேட்டாள்: "எத்தனை பேருகிட்ட சொல்லிருக்கீங்க?"

"கடைக்கு வர்றவங்க கேப்பாங்க" என்றான் அவன், சாறனைப் பார்த்துக்கொண்டே. "நீயும் சொல்லுறன்னு எனக்குத் தெரியும். நல்லரெத்தினம் ஐயா கடைக்கு வந்தா அவன் கதைதான். உங்கட மகனுக்குக் கணக்கு நல்லா வருதாமே அப்படிம்பாரு. நானும் ஆமான்னுவேன்."

"தெரிஞ்சா என்னை அனுப்புனீங்க?"

அவன் சாறனை மடித்தான், பிறகு பிரித்தான்.

"முதல்ல நான்தான் போனேன். நாம வந்த அடுத்த வாரமே, அந்தப் புத்தகத்தை முடிச்சுரலாம்னு போனேன். மகன் சுகமான்னு கேட்டாரு. எனக்கு வாய் வரல. புத்தகத்தை எடுத்துக்கிட்டு ஓடி வந்துட்டேன். அந்தக் கேள்விக்கு முன்னால என்னால நிக்க முடியாது முனவ்வறா. அதனாலதான் உன்னை அனுப்புனேன். கொழும்பு போறதெல்லாம் சாக்கு."

முனவ்வறாவுக்குக் கோபம் வந்தது. காலிலிருந்து தலைவரைக்கும் வந்தது. நாலு வருஷத்தில் அவளுக்கு வந்த முதல் உணர்ச்சி அதுதான். அது என்ன என்பதை அடையாளம் காணவே அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது. செம்பைத் தரையில் எறிந்தாள். தண்ணீர் பாயெல்லாம் ஓடியது.

"உங்களுக்கு நிக்க முடியாத இடத்துல என்னைக் கொண்டுபோய் நிறுத்திட்டீங்க! நான் என்ன கல்லா? பெத்தவ நான். உங்களுக்கு மட்டும்தான் வாய் வராதாக்கும்?"

பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றிருந்தது. அவன் நனைந்த சாறனைப் பிழிந்துகொண்டிருந்தான்.

"நாளைக்கு நீங்க வர்றீங்க. நீங்கதான் சொல்லுறீங்க" என்றாள் அவள்.

சனிக்கிழமை காலை இருவரும் பக்கவாட்டு யன்னலுக்கு முன்னால் நின்றார்கள். அபுல் ஹஸன் தொப்பியைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தான். நல்லரெத்தினம் அவனைக் கண்டதும் எழுந்தே நின்றுவிட்டார்.

"முதலாளியே வந்திரிக்கார்! எங்க மகன்? வந்திற்றாரா?" என்று யன்னலால் எட்டி, இடுப்பளவு உயரத்தில், அவர்களுக்குப் பின்னால் தேடினார்.

அபுல் ஹஸன் வாயைத் திறந்தான். மூடினான். யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான். முனவ்வறா உதவிக்குப் போகவில்லை. எவ்வளவு நேரமானாலும் நிற்பது என்றுதான் வந்திருந்தாள்.

"அவன் மவுத்தாயிட்டான் ஐயா" என்றான் கடைசியில்.

"ஐயோ! எப்ப? இந்தக் கிழமையும் தங்கச்சி கூப்பிடுறம் எண்டுதானே..." அவர் அவளைப் பார்த்தார்.

"அவனுக்கு ஏழு வயசு ஆகல்ல ஐயா. மூணுதான்" என்றாள் முனவ்வறா.

நல்லரெத்தினத்துக்கு விளங்கச் சிறிது நேரம் எடுத்தது. புத்தகத்தைப் பார்த்தார், அதில் மாதா மாதம் தான் குத்திய முத்திரைகளைப் பார்த்தார். பிறகு கதிரையில் உட்கார்ந்தார். அவர் கோபித்துக்கொள்வார், சட்டம் பேசுவார், மரண அத்தாட்சிப் பத்திரம் கேட்பார் என்றெல்லாம் அவள் எதிர்பார்த்திருந்தாள். 

"வீட்டில ஒரு சிலேட்டு வாங்கி வெச்சிரிக்கன், தங்கச்சி" என்றார். "வந்தவுடன குடுப்பம், ஒப்பம் எழுதிப் பழகட்டும் எண்டு."

சொல்லி முடிப்பதற்குள் அவர் முகம் கோணியது. முகத்தைத் துடைக்கக் கைலேஞ்சியைத் தேடினார், கிடைக்கவில்லை, முழங்கையால் துடைத்தார். பெற்றவர்களுக்கு அது நாலு வருஷத்துக்கு முந்திய சாவு. அவருக்கு அன்றைக்குத்தான். உள்ளே கவுண்டரில் நின்ற ஆண்கள் திரும்பிப் பார்க்க, ஓர் அரசாங்க உத்தியோகத்தர் காணாத பிள்ளைக்காக விக்கி விக்கி அழுதார்.

மக்கிக்காக இன்னொரு மனிதர் அழுவதை முனவ்வறா அப்போதுதான் பார்த்தாள். அழாதீங்க ஐயா என்று அவருக்கு ஆறுதல் சொல்ல வாயெடுத்தாள்.  அழுகைதான் வந்தது.