மாமாவின் வலது கன்னம்

மாமாவின் வாய்க்குள்ளிருந்து அரிசி அளவு தோலைக் கிள்ளி எடுத்து, அதை லேப்பில் மெல்லிய ஏடாக வளர்த்து, கண்ணின் மேல் ஒட்டப்போகிறார்கள் என்று அக்கா சொன்னபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. "அந்த வாய் கண்ணுல ஏறினா, இனிமே கண்ணும் புளுகும் மாமா" என்று பக்கத்திலிருந்த அவரைச் சீண்டினேன். அக்கா முறைத்தாள்.

அக்காவின் கணவரான மாமா குழாய் வேலைக்காரர். அடைப்பெடுக்க ஊற்றிய ஆசிட் தெறித்து இரண்டு கண்ணும் போய்விட்டன. மகளின் முகத்தை அவர் விரலால் தடவித்தான் பார்ப்பார். இந்தத் தோல் ஒட்டினால் பார்வை திரும்பலாம். வேறு வழி இல்லை.

லேப்காரப் பெண் அவ்வப்போது வார்டுக்கு வந்து தகவல் சொல்வாள். "எங்க தட்டுல இவ்வளவு வேகமா எதுவும் வளர்ந்ததே இல்லைங்க" என்றாள் முதலில். அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. அடுத்த முறை வந்தவள் சிரிக்கவில்லை. "வளருது. கொஞ்சம் ஜாஸ்தியாவே வளருது. டாக்டர் பார்த்துட்டு இருக்காரு" என்று சொல்லிவிட்டு உட்காராமலே போனாள். அக்கா அதையும் நல்ல சேதியாகவே எடுத்துக்கொண்டாள். எனக்கு மட்டும் அப்படித் தோன்றவில்லை.

அன்று மதியம் அக்கா சாப்பிடப் போயிருந்தாள். சொட்டு மருந்து விடக் குனிந்தேன். குப்பென்று புகையிலை நாற்றம்.

"மாமா, வாயைத் திறங்க."

"நீ எப்ப பல் டாக்டரான?"

"அந்தப் பழக்கமே இல்லைன்னு டாக்டர்கிட்ட அடிச்சுச் சொன்னீங்களே!"

"கத்தாதே, உங்க அக்காவுக்கே தெரியாது. டாக்டரைப் பார்க்கறதுக்கு முன்னாடி கொஞ்ச நாள் நிறுத்திட்டுத்தான் போனேன். அப்ப வாய் சுத்தமாத்தான் இருந்துச்சு."

"எந்தப் பக்கம் அடக்குவீங்க?"

அவர் வலது கன்னத்தைத் தொட்டார். தோலை எடுத்ததும் அங்கேதான்.

"கெட்டியா என்னமோ நாக்குல தட்டுப்படுது" என்றார், குரல் இறங்கி, என் கையைப் பிடித்துக்கொண்டு. "சொல்லிடாதே. சொன்னா ஆபரேஷனை நிறுத்திடுவாங்க. பாப்பா முகத்தை ஒரே ஒரு தடவை பார்த்துக்கறேன்."

எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவர் கையை உதறிவிட்டு லேப்புக்கு ஓடி எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பெண் திட்டவில்லை. "வலது பக்கமா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனை எடுத்தாள்.

கொஞ்ச நேரத்தில் டாக்டர் வந்தார். கூடவே, நாங்கள் அதுவரை பார்த்திராத இன்னொரு டாக்டர். அக்கா மலர்ந்த முகத்தோடு எழுந்தாள். புதியவர் கையுறை மாட்டி, மாமாவின் வாய்க்குள் விரலை விட்டு அழுத்தினார். பிறகு தாடைக்குக் கீழே கழுத்தைத் தடவினார். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் தடவினார்.

"கண் ஆபரேஷன் எப்ப டாக்டர்?" என்று மாமா கேட்டார்.

"கண்ணு இருக்கட்டும்" என்றார் அவர்.