தோப்புத் தெருவுக்கு விழுந்த பொன்னாடை

மயிலாப்பூரில் சுதந்திர தினக் கவியரங்கம். தலைப்பு, 'வெள்ளையர் பறித்த மண்'. தலைமை, தி.நகர் ஜவுளிக்கடை சண்முகசுந்தரம். அடையாற்றங்கரையில் எங்கள் வேப்பந்தோப்புத் தெருவை இடித்துவிட்டு, அங்கே மாடிமேல் மாடியாகக் கட்டி விற்ற அதே புண்ணியவான். எங்களை லாரியில் அள்ளி ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்தில் கொட்டினார்கள். கவிஞர் பூங்கொடியாகிய நான் அந்தத் தெருக்காரி என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

அம்மா கடைசி வரிசையில் இருந்தாள். பஸ்ஸில் வழியெல்லாம் ஒரே நச்சரிப்பு.

"நம்ம தெரு பேர மைக்ல சொல்லுவ இல்ல? பஸ் ஸ்டாப்புல கூட அந்தப் பேர எடுத்துட்டானுங்கடி."

"கடைசி வரில வருதும்மா. கேட்டுக்கினே இரு."

கடைசியில் வைத்தது என் திமிர். அரங்கமே அதிர வேண்டுமாம்!

என் கவிதையின் முதல் பாதியில் வெள்ளைக்காரத் துரை வந்தான், சங்கிலி பிடித்து நிலத்தை அளந்தான், வேலி போட்டான். சண்முகசுந்தரம் தொடையைத் தட்டி, "அயோக்கியப் பயலுவ!" என்றார். ஒரே கைதட்டல். செத்துப்போன துரையை வைதால் யாருக்கு வலிக்கப் போகிறது?

அடுத்த பாதிக்கு வந்தேன்.

"துரை கப்பலேறிப் போனான்,
சங்கிலியை விட்டுப் போனான்.
அதை எடுத்துக்கொண்டு
எங்கள் ஆற்றங்கரைக்கு வந்தவர்
என் தமிழில்தான் பேசினார்..."

சண்முகசுந்தரத்தின் முகம் செத்துவிட்டது. செயலாளர் சாய்நாத்தின் காதில் ஏதோ சொன்னார். கவியரங்கத்தில் யாரையும் நிறுத்து என்று சொல்ல மாட்டார்கள், அநாகரிகமாம். பொன்னாடை போர்த்திவிடுவார்கள். சாய்நாத் பல்லெல்லாம் தெரிய வந்தார்.

"பிரமாதம்மா, பிரமாதம்! நாழியாயிடுத்து பாருங்கோ" என்று சொல்லிக்கொண்டே பொன்னாடையை என் தோளைச் சுற்றி இறுக்கினார்.

"மேடம், இங்க பாருங்க" என்றார் போட்டோக்காரர்.

விடுவேனா? மைக்கைப் பிடித்து இழுத்து வாயைத் திறந்தேன். ஸ்பீக்கரில் நாட்டுப்பண் ஆரம்பித்தது. சபை முழுக்க எழுந்து நின்றது. நானும் வாயை மூடிக்கொண்டு விறைப்பாக நின்றேன். பள்ளிக்கூடத்தில் அடித்து ஏற்றிய பழக்கம், சனியன், உடம்பை விட்டுப் போகவில்லை. பாட்டு முடிந்தபோது மைக்கை அணைத்திருந்தார்கள்.

வாசலில் அம்மா நின்றிருந்தாள். என் தோளில் கிடந்த சரிகையைத் தடவிப் பார்த்தாள்.

"நல்லாத்தான் கீது" என்றாள். "இதுக்கா நிறுத்திட்ட?"