கம்பளிக்கு இரண்டு முனை

தேர்தல் முடிந்தும் சண்டை ஓயவில்லை. தோற்ற கட்சி, ஆட்சியில் இருந்தபோது போர்முனைக்குக் கம்பளிகள் வாங்கி, ஒவ்வொன்றிலும் தன் சின்னத்தைத் தைத்து வைத்திருந்தது. ஜெயித்த கட்சி, "சின்னத்தைப் பிரிச்சுட்டுத்தான் அனுப்புவோம்" என்றது. "கைய வெச்சுப் பாருங்க" என்றது தோற்ற கட்சி. கம்பளி கிடங்கில் கிடந்தது. சிப்பாயான என் தம்பி போர்முனையில் பனியில் கிடந்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நான் பத்திரிகையில் கார்ட்டூன் போடுகிறவள். இரண்டு தலைவர்களும் ஒரே கம்பளியை ஆளுக்கொரு முனையில் இழுக்க, நடுவில் ஒரு சிப்பாய் வெடவெடவென்று நடுங்குவதாக வரைந்தேன். போர்க்காலம், தணிக்கை அதிகாரி பார்க்காமல் எதுவும் அச்சேறாது. அந்த மனிதர் இரண்டு முகங்களையும் சிவப்புப் பென்சிலால் சுழித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்.

"முகம் இல்லாம என்னத்தப் போடறது? விட்டுத் தள்ளும்மா" என்றார் ஆசிரியர்.

"அங்க குளிர்ல கிடக்கிறது என் தம்பி சார்! முகத்தைத்தானே எடுக்கச் சொன்னார் அந்த மகராசன்? எடுத்துட்டாப் போச்சு!"

வெள்ளை மையைத் தொட்டு இரண்டு முகத்தையும் அழித்தேன். கழுத்துக்கு மேலே வெறும் வட்டம். முகம் இல்லாததால் தணிக்கை அதிகாரியும் அனுமதித்துவிட, படம் அப்படியே அச்சாகி வெளிவந்தது.

மறுநாள் காலை வேலைக்கு நடந்து வருகிறேன், ஜெயித்த கட்சி அலுவலகச் சுவரில் என் படம்! ஒரு வட்டத்தில் மட்டும் தோற்ற தலைவரின் முறுக்கு மீசையை வரைந்து ஒட்டியிருந்தார்கள். தங்கள் தலைவரின் வட்டம் காலி. எதிர்ச்சாரியில் தோற்ற கட்சி அலுவலகம். அங்கேயும் என் படம்தான். அதில் ஜெயித்த தலைவரின் வழுக்கையும் கண்ணாடியும். மற்ற வட்டம் காலி.

அடப்பாவிகளா! நான் அழித்த இரண்டு முகத்தையும் இவர்களே ஆளுக்கொன்றாக வரைந்து கொடுத்துவிட்டார்கள். தெருவே நடுவில் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிப் பார்த்துச் சிரித்தது.

"ரெண்டு பேரும் வசமா மாட்டிக்கிட்டாங்கடா!" என்று முடிதிருத்துகிறவர் கத்தரிக்கோலோடு வெளியே ஓடிவந்தார்.

மதியத்துக்குள் ஊர் முழுக்க அதே பேச்சு. எந்தத் தலைவராலும் வெளியே தலைகாட்ட முடியவில்லை. மாலையில் கிடங்குக் கதவு திறந்தது, லாரிகள் கிளம்பின. சின்னத்தைப் பிரிக்கச் சொல்லி ஒருவனும் வாய் திறக்கவில்லை. நான் மேசைமேல் ஏறி நின்று கத்தினேன். ஆசிரியரும் விசிலடித்தார்.

அடுத்த வாரம் தம்பி போன் பண்ணினான்.

"அக்கா, கம்பளி வந்துருச்சு."

"சின்னம் இருக்காடா அதுல?"

"போர்த்திட்டுப் படுத்தா எந்தச் சின்னம்க்கா தெரியுது? கதகதன்னு இருக்கு. வை, தூங்கணும்."