வளைவில் ஏட்டு நிற்கிறார்

1.

இந்தக் கதையை எழுத நான் ஆசைப்படவே இல்லை. அக்காவின் நச்சரிப்புதான் காரணம். "எதையெதையோ எழுதிக் கிழிக்கிறியே, நம்ம வளைவைப் பத்தி எழுதேன்டா" என்றாள். வளைவு என்பது அவளுடைய தையல் கடைக்கு எதிரே தார்ச்சாலை சட்டென்று திரும்புகிற இடம். அவள் மகள் அதைக் கடந்துதான் பள்ளிக்கூடம் போகிறாள். அங்கே வண்டிகள் பறக்கும். ஒருவன் கடைச் சுவரை இடித்துவிட்டு, சுவர் ஏன் அங்கே இருக்கிறது என்று அக்காவையே திட்டிவிட்டுப் போனான்.

முதல் வரி: 'காலைப் பனியில் அந்தச் சாலை ஒரு—'

(ஒரு என்ன? ஒன்றுமில்லை. சாலை, அவ்வளவுதான்.)

2.

அக்கா காவல் நிலையத்துக்கு நடையாய் நடந்து ஓர் ஏட்டை வரவழைத்தாள். அவர் ஊர்க்காரர்களைச் சேர்த்துப் போனில் ஒரு குழு ஆரம்பித்தார். யாராவது வேகமாகப் போனால் அதில் தகவல் சொல்ல வேண்டும்.

ஊர் என்ன செய்தது? 'ஏட்டு வளைவில் நிற்கிறார், பார்த்து வாங்க' என்று அந்தக் குழுவிலேயே ஒருவரை ஒருவர் உஷார்படுத்தியது. ஏட்டு இருக்கிற குழுவில்! அவரே ஆரம்பித்த குழுவில்! இதைத் தொடங்கி வைத்தவள் சாட்சாத் என் அக்கா. கண்மண் தெரியாமல் ஓட்டுவதில் ஊரிலேயே முதல் ஆள் அவள் புருஷன்தான். பால் வண்டி ஓட்டுகிறார்.

(நான் இட்டுக்கட்டியதாக நினைப்பீர்கள். இட்டுக்கட்டுவதாக இருந்தால் இதைவிட நம்பும்படியாகச் செய்திருப்பேன்.)

3.

ஏட்டைக் கோபக்காரராக எழுதிப் பார்த்தேன். 'அவர் லத்தியைத் தரையில் ஓங்கி—' சரிப்படவில்லை. உண்மையில் அவர் கடைக்கு வந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, சாவகாசமாகக் கேட்டார்.

"ஏம்மா, நான் நிக்கிறேன்னு போட்டா எல்லாரும் மெதுவா வர்றாங்களா?"

"ஆமா சார்." அக்கா தைப்பதை நிறுத்தினாள்.

"அப்ப தினமும் பிள்ளைங்க ஸ்கூல் போற நேரத்துல போட்டுடு. எனக்கு இன்னும் நாலு ஊர் இருக்கு. எல்லா இடத்துலயும் நானே நிக்க முடியுமா?"

அக்கா போட்டாள். வண்டிகள் ஊர்ந்தன. ஒரு டிராக்டர்காரர் காலி வளைவைப் பார்த்து வணக்கமே வைத்துவிட்டுப் போனார்.

4.

கதை இங்கே அழகாக முடிந்திருக்க வேண்டும். முடிந்துவிட்டதென்று நம்பி, இன்று காலை கடையில் உட்கார்ந்து அக்காவுக்குப் படித்தும் காட்டினேன். அவள் நூலைப் பல்லால் கடித்தபடி சொன்னாள்:

"உங்க மாமாகிட்ட மட்டும் உண்மையைச் சொல்லிட்டேன்டா."

"என்ன உண்மை?"

"அங்க ஏட்டு இல்லைன்னு. பால் திரிஞ்சு போச்சுன்னா அவர் தலையிலதானே விழும், பாவம்."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். "உன் பொண்ணு ரெண்டு பக்கமும் பாத்துத்தானே தாண்டுறா?"

"முன்னல்லாம் பார்ப்பா. இப்ப எதுக்கு? அதான் எல்லாரும் மெதுவா வர்றாங்களே."

எல்லாரும். ஒருத்தரைத் தவிர. அந்த ஒருத்தர் அவளைப் பெற்றவர்.

5.

இனி முடிவுக்கு நான் எங்கே போவேன், சொல்லுங்கள். பால் வண்டி வழியில் பஞ்சராகி நின்றுவிடுகிறது. (சீ.) அன்றைக்குப் பார்த்து ஏட்டு உண்மையிலேயே வந்து நிற்கிறார். (இதற்கு நான் எழுதாமலே இருக்கலாம்.) மூன்றாவது: 'பால் வண்டி வளைவில் திரும்பியபோது சிறுமி—'

அக்கா எட்டிப் பார்த்துவிட்டாள். "டேய், அடிடா அதை! ஒண்ணும் ஆகலைன்னு எழுது."

"நான் எழுதிட்டா ஆகாதா? முதல்ல மாமாவுக்குப் போன் போடு. மெதுவா வரச் சொல்லு."

"நாளைக்குச் சொல்றேன். இன்னைக்கு ஏற்கெனவே லேட்டுன்னு கத்திட்டுப் போயிருக்கார்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவளைத் திட்டுவதா, அந்த மனுஷனைத் திட்டுவதா, அந்த ஏட்டைத் திட்டுவதா? அதைவிட, பயமாக இருந்தது. அந்த வரியை நான் அடிக்கவில்லை. முடிக்கவும் கை வரவில்லை.

இதோ, அக்கா மகள் பையை மாட்டிக்கொண்டு, பாட்டு ஒன்றை முணுமுணுத்தபடி கடையை விட்டு இறங்கிவிட்டாள். மன்னியுங்கள், முடிவை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். நான் போய் வளைவில் நிற்க வேண்டும்.